ரூஃப் ஒழுகுது, கான்ட்ராக்டர் கியூப் ரிப்போர்ட்டை நீட்டுறார்

கேள்வி: மெட்டீரியலோட சேர்த்து 28 லட்சத்துக்கு கான்ட்ராக்ட் விட்டு வீடு கட்டினேன், குடிவந்து ஒன்னரை வருஷம் ஆச்சு. போன மழையில ரூஃப் வெடிச்சு தண்ணி சொட்டுது. அக்ரிமெண்ட்ல எம்20 காங்கிரீட்னு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கணும்னு இருக்கு. தெரிஞ்ச இன்ஜினியர் ஹேமர் டெஸ்ட் பண்ணிட்டு 13 தான் வருதுங்கிறார். கான்ட்ராக்டர், கியூபை (டெஸ்டுக்குன்னு தனியா அச்சுல வார்த்த காங்கிரீட் கட்டி) உடைச்சுப் பாத்து 24 போட்ட லேப் ரிப்போர்ட்டை காட்டி எங்க வேணா போய்க்கோங்கிறார். கேஸ் நிக்குமா சார்?

பதில்: நிக்கும் சார், ஆனா ஹேமர் டெஸ்டை மட்டும் நம்பி போயிடாதீங்க. அது மேல்பரப்போட கெட்டித்தன்மையைத்தான் பாக்குது, 25 சதவீதம் வரைக்கும் முன்னபின்ன வரலாம்னு அதுக்கான ஐஎஸ் கோடே (இந்திய தரநிலை விதி) சொல்லுது, எதிர் வக்கீல் அதை ஒரே நிமிஷத்துல உடைச்சிடுவார்.

நீங்க அனுப்பின ரிப்போர்ட் போட்டோவை ரெண்டு தடவை பாத்தேன். காங்கிரீட் போட்டது மார்ச் 4, டெஸ்ட் பண்ணது மார்ச் 20, ஆனா பக்கத்துல 28 நாள் ஸ்ட்ரெங்த்னு போட்டிருக்கு! இன்னொன்னு, கீழ பொடி எழுத்துல 'சாம்பிள் பார்ட்டி கொண்டுவந்தது'ன்னு இருக்கு பாருங்க, அப்ப அந்த 24 அவர் கொண்டுபோன கியூபுக்குத்தான், உங்க ரூஃபுக்கு இல்ல. கியூபை தண்ணித் தொட்டியில போட்டு வச்சிருப்பாங்க, ரூஃபுக்கு எத்தனை நாள் தண்ணி கட்டினாங்கன்னு யாருக்குத் தெரியும்?

அதனால கோர் டெஸ்ட் தான் வழி, அதாவது ரூஃபையே துளைச்சு உருளையா ஒரு துண்டு எடுத்து உடைச்சுப் பாக்கிறது. ஐஎஸ் 456 படி குறைஞ்சது மூணு கோர் எடுக்கணும், சராசரி அக்ரிமெண்ட்ல சொன்ன வலிமையில 85 சதவீதமாவது வரணும், எந்த ஒன்னும் 75 சதவீதத்துக்கு கீழ போகக்கூடாது, எம்20க்கு அது 17ம் 15ம். கம்பி வெட்டுப்படாம இடம் பாத்து எடுக்கச் சொல்லுங்க. நீங்களா எடுத்தா நாளைக்கு ஒத்துக்க மாட்டார், அதனால முதல்ல வக்கீல் நோட்டீஸ்ல தேதி போட்டு கூப்பிடுங்க, வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டு, ஆணையம் நியமிக்கிற வக்கீல் கமிஷனரையும் இன்ஜினியரையும் வச்சு எடுக்கலாம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே பாக்கும், உங்க தொகைக்கு ஃபீஸ் 1000 ரூபா தான். ஆனா ரெண்டு வருஷ கெடு இருக்கு, இழுக்காதீங்க.

கோர் பாஸ் ஆகிட்டா கேஸ் போச்சுன்னு நினைக்க வேணாம், ஒழுகுறதும் சேவைக் குறைபாடு தான், ஆனா அப்ப இடிச்சுக் கட்டக் கேக்க முடியாது, ரிப்பேர் செலவுதான் கேக்கலாம்.

நோட்டீஸ் போனதுமே அவரே கெமிக்கல் அடிச்சுத் தர்றேன்னு ஆள் அனுப்புவார். கோர் எடுக்கிற வரைக்கும் மாடியில யாரையும் ஏத்தாதீங்க.