ஊசி போட்டும் சுகர் இறங்காத பூனை

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்குப் பதினொரு வயது, கருத்தடை செய்தது. ஒரு வருடமாகச் சர்க்கரை நோய். இருவேளையும் ஏழு யூனிட் இன்சுலின் போட்டும் சுகர் 400-க்குக் கீழே வரவில்லை. ஆனால் எடை கூடுகிறது, முகம் அகலமாகிவிட்டது, குறட்டை விடுகிறது. பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம் என்கிறார் டாக்டர். ஸ்கேன் எடுக்கச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டுமா? — வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் டாக்டரின் சந்தேகம் நியாயமானது. சர்க்கரை கட்டுக்குள் வராத பூனை இளைக்கத்தான் செய்யும். சுகர் 400-ல் நிற்கும்போதே எடை ஏறினால் பிட்யூட்டரியை நினைக்காமல் இருக்க முடியாது. மூளைக்கு அடியில் மிளகளவே உள்ள சுரப்பி அது. அதில் வரும் கட்டி பெரும்பாலும் பரவும் புற்று அல்ல. ஆனால் வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கும். அது இன்சுலினை வேலை செய்ய விடாது. தாடை, பாதம், நாக்கு, தொண்டைச் சதை எல்லாம் தடிக்கும். குறட்டை அதனால்தான். பூனையின் பழைய போட்டோவை இப்போதைய முகத்தோடு வைத்துப் பாருங்கள், கீழ்த்தாடை முன்தள்ளியிருப்பது தெரியும். முகம் மாறாமலேயே இந்த நோய் இருக்கும் பூனைகளும் நிறைய உண்டு.

சென்னை இருக்கட்டும், முதலில் இன்சுலின் பாட்டிலைப் பாருங்கள். வெயிலில் வந்ததா? கரண்ட் போனபோது மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்தீர்களா? ஐஸில் பட்டு உறைந்த இன்சுலின் வீண். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடுத்து சிரிஞ்ச். சிவப்பு மூடி ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் உள்ளதற்கு. நாற்பது யூனிட் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் எடுத்தால் பூனைக்குப் போவது பாதிக்கும் குறைவு. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு, அது ஆளையே சாய்த்துவிடும். பல் சீழ், சிறுநீர்த் தொற்று, எப்போதோ போட்ட ஸ்டீராய்டு ஊசி, இவையும் இன்சுலினைத் தடுக்கும். ஆஸ்பத்திரிப் பயத்திலேயே பூனைக்குச் சுகர் ஏறும் என்பதால், காது ஓரத்தில் குத்தி வீட்டிலேயே பார்ப்பது நல்லது. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்துக் காட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்கேன் அல்ல, ரத்தப் பரிசோதனை. ஐஜிஎஃப்-1 என்று கேளுங்கள், வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ரத்தத்தில் கூடும் பொருள் அது. பூனை ரத்தத்தில் செய்வார்களா என்று லேபில் முன்பே விசாரித்துவிடுங்கள். அளவு மில்லிக்கு 1000 நானோகிராமைத் தாண்டினால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள பூனைகளைச் சோதித்தபோது நாலில் ஒன்றுக்கு 1000-க்கு மேல் இருந்தது. ஆக, இது அபூர்வ நோய் இல்லை, தேடாததால் அகப்படாத நோய்.

ஆபரேஷனோ கதிரியக்கமோ செய்யப்போகிறீர்கள் என்றால்தான் ஸ்கேன் அவசியம். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். சின்னக் கட்டி அதில் தெரியாமலும் போகலாம். பூனை வட்டமடித்தாலோ, சுவரில் முட்டினாலோ, வலிப்பு வந்தாலோ கதை வேறு. உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேளுங்கள். உங்களுக்குப் பக்கம் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கல்லூரி.

வாயின் மேலண்ணம் வழியாகச் சுரப்பியை எடுப்பதுதான் ஆகச்சிறந்த சிகிச்சை. லண்டன், நெதர்லாந்தின் உட்ரெக்ட் போன்ற சில இடங்களில் செய்கிறார்கள். அப்புறம் ஆயுளுக்கும் ஸ்டீராய்டு, தைராய்டு மாத்திரை வேண்டும். கதிரியக்கம் கட்டியைச் சுருக்கும். சுகர் இறங்குமா என்பது பூனைக்குப் பூனை மாறும். மண்டபத்தில் இருந்துகொண்டு நடக்கக்கூடியது இன்சுலினைக் கூட்டிச் சமாளிப்பதும், டாக்டர் சம்மதித்தால் அந்த ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரையும். சில பூனைகளுக்கு நன்றாகக் கேட்கும், சிலவற்றுக்குக் கேட்காது. மெடிக்கலில் கிடைக்கும் அரை மில்லிகிராம் மாத்திரை மனிதர்களுக்கானது. ஐந்து கிலோ பூனைக்கு அதில் பத்தில் ஒரு பங்கே வழக்கம். நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

எந்தச் சிகிச்சை பலித்தாலும் இன்சுலின் தேவை திடீரென்று சரியும், பழைய அளவே போட்டால் சுகர் மிகவும் இறங்கிவிடும். பூனை தள்ளாடினால் ஈறில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அடுத்த ஊசியை அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.