பாட்டி வைரம், தாத்தா மோதிரம்

கேள்வி: எங்க பாட்டியோட ஒத்தைக்கல் வைரத்தோடு, அதுல ஒண்ணு தொலைஞ்சு இன்னொண்ணு மட்டும் என்கிட்ட இருக்கு. வீட்டுக்காரரோட தாத்தா மோதிரம் ஒண்ணு கல் விழுந்து சும்மா கிடக்கு. தோட்டுக் கல்லை அதுல வைக்க ஆசை. மோதிரத்துல இருந்ததும் ஐம்பது சென்ட், இதுவும் ஐம்பது சென்ட்தான், ஆனா உக்காராது போல. மும்பை சவேரி பஜார்ல ஒருத்தர் கல் ஓரத்தை லேசா தேய்ச்சா சரியாயிடும்ங்கறார். கல்லுல கருப்புப் புள்ளி வேற, அம்மா தோஷம்ங்கறாங்க. என்ன செய்யட்டும்? – மாட்டுங்கா வாசகி

பதில்: தேய்க்க மட்டும் விட்டுடாதீங்கம்மா. தங்கத்தை எத்தனை தடவை வேணா உருக்கலாம், வைரத்துல போன எடை போனதுதான், திரும்பி வராது. மோதிரம்தான் கல்லுக்கு ஏத்த மாதிரி மாறணும்.

சென்ட்ங்கறது எடைக் கணக்கு, 100 சென்ட் ஒரு கேரட், அதாவது 200 மில்லிகிராம், மோதிரத்துக்கு வேண்டியது மில்லிமீட்டர் கணக்கு. இப்போ வர்ற ரவுண்ட் கட்ல ஐம்பது சென்ட் கல் கிட்டத்தட்ட 5.1 மிமீ அகலம் இருக்கும், பழைய காலத்து கட் ஆழமா இருக்கும், எடையெல்லாம் கீழ போயிடும், அதனால அதே ஐம்பது சென்ட் மேல பார்த்தா சின்னதா தெரியும், ஆனா அடிப்பக்கம் மோதிரத்துல இடிச்சு விரலைக் குத்தும். உங்க தோடு பின்னாடி மூடின செட்டிங்னா கழட்டினாத்தான் ஆழமே தெரியும், அதுக்கு முன்னாடி யார் அளவு சொன்னாலும் நம்பாதீங்க.

கழட்டறதை உங்க கண்ணு முன்னாடியே செய்யச் சொல்லுங்க. உடனே எடை போட்டு, அகலம் ஆழம் அளந்து எழுதி வாங்குங்க. பத்து மடங்கு லென்ஸ்ல நீங்களே ஒருதரம் பாருங்க, அம்மா தோஷம்னு சொல்ற அந்தப் புள்ளி எங்க இருக்கு, என்ன வடிவம்னு படம் எடுத்து வச்சுக்கோங்க. கல் திரும்பி வரும்போது இது நம்ம பாட்டி கல்லுதானான்னு சொல்றது அந்தப் புள்ளிதான், எனக்கு அதுமேல பிரியமே உண்டு, அம்மாகிட்டயும் இதைச் சொல்லுங்க. முடிஞ்சா அப்பவே ரிப்போர்ட்டும் வாங்கிடுங்க, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல வைரத்தைச் சோதிச்சுத் தரம் எழுதித் தர்ற ஜிஐஏ லேப் இருக்கு, செட்டிங்ல இருக்கற வைரத்துக்கு அவங்க கிரேடிங் ரிப்போர்ட் தர்றதில்ல, கழட்டின கல்லுக்குத்தான்.

அடுத்தது மோதிரம். கல் ஏன் விழுந்துச்சு? பெரும்பாலும் கல்லைப் பிடிக்கற ப்ராங், அதாவது நகம் மாதிரி கம்பி, தேய்ஞ்சிருக்கும், அதையே வளைச்சு இன்னொரு கல்லை உக்கார வச்சா இதுவும் விழும். நல்ல காரிகர்னா, அதான் நகை செய்யறவர், நுனிக்குப் புதுத் தங்கம் வைப்பார், இல்ல மேல்பகுதியை மட்டும் உங்க கல் அளவுக்குப் புதுசா செஞ்சு பழைய வளையத்துல சேர்ப்பார். எப்பவோ யாரோ ஈயம் வச்சுப் பத்த வச்சிருந்தா சூடு பட்டதும் அந்த இடத்துத் தங்கம் அரிச்சுப் போயிடும், அதை முதல்லயே பார்க்கச் சொல்லுங்க. ப்ராங்குக்கு 22 கேரட் தங்கம் மெத்து, 18 கேரட் நல்லா பிடிக்கும் (இங்க கேரட் எடை இல்ல, தங்கத்தோட சுத்தம்). கல் ஓரத்துல சின்னச் சில்லு இருந்தா ப்ராங்கே வேண்டாம், சுத்தி விளிம்பு கட்டிடலாம், வைரம் கெட்டிதான், ஆனா ஓரத்துல ஒரு அடி பட்டா உடையும். நெருப்பு வேலையெல்லாம் முடிஞ்சப்புறம்தான் கல்லு உள்ள போகணும்.

போட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு மோதிரத்தைக் காதுகிட்ட வச்சு லேசா தட்டிப் பாருங்க. கடகடன்னு சத்தம் கேட்டா அன்னைக்கே கழட்டி டப்பால போட்டு காரிகர்கிட்ட கொண்டு போயிடுங்க.