தட்டு மெதுவாகத்தானே நகர்கிறது, பிறகு ஏன் இந்த உலுக்கல்?

கேள்வி: பூமியின் மேற்புறம் முழுவதும் பரவிய பெரும் பாறைப் பாளங்களான தட்டுகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகர்கின்றனவாம், நகம் வளர்கிற வேகம். அவ்வளவு மெதுவாகப் போகிற ஒன்று நிலநடுக்கமாகி, சில நொடிகளில் ஊரையே எப்படி உலுக்குகிறது? அடுத்தது எப்போது என்று ஏன் சொல்ல முடிவதில்லை?

பதில்: நகம் கணக்கு சரிதான், ஆனால் அது தட்டின் நடுப்பகுதிக்கு. இரண்டு தட்டுகள் உரசுகிற ஓரத்தில் பாறையும் பாறையும் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும், பின்னால் மொத்தத் தட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். நடுவில் மாட்டிய பாறை என்ன செய்யும்? வளையும்.

ஒரு செங்கல்லில் ரப்பர் கயிற்றைக் கட்டி, சொரசொரப்பான தரையில் ஒரே வேகத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கல் அசையாது, ரப்பர் மட்டும் நீளும், நீளும், அப்புறம் சட்டென்று கல் ஒரு தாவு தாவி நின்றுவிடும். உங்கள் கை தாவவே இல்லை, கவனித்தீர்களா? கைதான் தட்டு, நீளுகிற ரப்பர்தான் வளைகிற பாறை, அந்தத் தாவல்தான் நிலநடுக்கம். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் கலிபோர்னியாவில் இரண்டு தட்டுகள் உரசுகிற சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் குறுக்கே போட்டிருந்த வேலிகள் அறுந்து, இரண்டு பாதியும் ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றன. இந்த விலகல்களையும் பழைய நில அளவைகளையும் வைத்துத்தான் அமெரிக்கப் புவியியற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910-ல் இந்த விளக்கத்தைச் சொன்னார்.

ஜப்பானுக்கு அடியில் பசிபிக் தட்டு வருடத்துக்கு 8 சென்டிமீட்டர் அளவில் நுழைகிறது. 2011 மார்ச் 11 அன்று கடலடியில் அந்தப் பிளவு ஓரிடத்தில் சுமார் 50 மீட்டர் வழுக்கியது. வகுத்துப் பாருங்கள், 600 வருடத்துக்கு மேற்பட்ட பாக்கி, சில நிமிடங்களில் தீர்ந்தது! மேலே தூக்கி எறியப்பட்ட கடல்தான் சுனாமியாகக் கரைக்கு வந்தது.

வளைந்ததெல்லாம் நிமிர்ந்துவிடும் என்றும் இல்லை. கொஞ்சம் நிரந்தரமாக மடிந்து மேலே ஏறிக்கொள்ளும். எவரெஸ்ட் உச்சியில் கடலடிச் சுண்ணாம்புக்கல் கிடப்பது அப்படித்தான். கலிபோர்னியாவின் ஹாலிஸ்டரில் பிளவு கவ்விக்கொள்ளாமல் ஊர்ந்துகொண்டே இருப்பதால், நடைபாதையின் ஓரக்கல் வருடக்கணக்கில் கோணிக்கொண்டு போகிறது.

இனி அந்த 'எப்போது'. செங்கல்லை இன்னும் பத்து முறை இழுங்கள், ஒவ்வொரு தாவலும் ஒவ்வொரு நீளத்தில் வரும். அதே கலிபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1857 முதல் 1966 வரை ஆறு நிலநடுக்கங்கள், சராசரியாக 22 வருடத்துக்கு ஒன்று. அதை நம்பி, அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பரில்.