மீதி 98 சதவீதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுதோறும் சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, என்ற பெயரில் ஒரு தொகை போகிறது. மரக்கன்று நடுகிறார்கள், நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள், எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுகிறார்கள். வரி கட்டுகிறோம், ஊழியர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறோம், நல்ல பொருள் விற்கிறோம். ஒரு தொழில் சமூகத்துக்குச் செய்ய இதற்கு மேல் என்ன இருக்கிறது? இன்றைய தொழில்களுக்கு சிஎஸ்ஆர் அவசியம் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவே நம்புகிறீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நம்புகிறேன். மரக்கன்று விஷயத்தில் உங்களுக்குள்ள எரிச்சல் எனக்கும் உண்டு.

நீங்கள் கேட்பதைத்தான் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார்: தொழிலின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவதுதான் என்று. மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாமல் என்றொரு நிபந்தனையையும் அவர் வைத்திருந்தார். ஆனால் விதியைக் காக்க ஆள் இல்லாத இடத்தில் வேலை நடந்தால்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்துவிட்டது. கீழே இருந்த வங்கிக் கிளை ஆட்களை வெளியேற்றிவிட்டது. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைத்த உடைகள் ஐரோப்பிய, வட அமெரிக்கக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. தங்கள் துணி அந்தக் கட்டடத்தில் தைக்கப்படுவதே தெரியாது என்று சொன்ன பிராண்டுகளும் உண்டு. சப்காண்ட்ராக்ட் அப்படித்தான் வேலை செய்கிறது.

இப்போது உங்கள் மூன்று விஷயங்களையும் அந்த பிராண்டுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். வரி கட்டியிருப்பார்கள். தங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். சட்டையும் நன்றாகவே இருந்திருக்கும். செத்துப்போனவர்கள் அவர்கள் சம்பளப் பட்டியலிலேயே இல்லை. விலையும் கெடுவும் ஓரிடத்தில் முடிவாகின்றன, அதன் ஆபத்து வேறு யாரோ ஒருவர் தலையில் விடிகிறது. நவீனத் தொழிலுக்கு இந்தப் பொறுப்பு தேவை என்று நான் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

விபத்துக்குப் பிறகு சில வாரங்களிலேயே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் தொழிற்சாலைப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன. பொறியாளர்கள் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சோதித்தார்கள். குறைகளைச் சரிசெய்ய மறுத்த தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் நின்றது. சிஎஸ்ஆர் என்றால் எனக்கு இதுதான். அத்தனை உயிர் போன பிறகு வந்தது என்பது வேறு விஷயம்.

சரி, தொழிலுக்கு இதில் என்ன லாபம்? கணக்குக்காரர், கேட்கத்தான் செய்வீர்கள். 1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் (Tylenol) என்ற வலி நிவாரணிக் காப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்ததில் 7 பேர் இறந்தார்கள். தவறு தயாரிப்பில் இல்லை. அப்படியும் அதைத் தயாரித்த ஜான்சன் & ஜான்சன் சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. அப்புறம் யாரும் திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரையோடு புட்டியை மாற்றிக் கொண்டுவந்தது, இழந்த சந்தையின் பெரும்பகுதியை மீட்டது. (பிற்காலத்தில் டால்கம் பவுடர் வழக்குகளில் சிக்கியதும் இதே நிறுவனம்தான். நல்ல பெயர் நிரந்தர வைப்பு நிதி இல்லை.)

எதிர்ப்பக்கம் ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன். 2015 செப்டம்பரில், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பில் நிறுவனங்களை மதிப்பிடும் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு அதை வாகனத் துறையின் முதலிடத்தில் வைத்தது. அதே மாதம், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை அது கார்களில் வைத்திருந்தது அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள். அபராதமும் இழப்பீடுமாக 3,000 கோடி யூரோவுக்கு மேல் போனது. விருதையும் அறிக்கையையும் பார்த்து நீங்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான்.

அந்தச் சலிப்புக்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும் என்கிறது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவு அந்தக் கணக்கில் வராது. அது சரியான விதிதான், இல்லையென்றால் தீபாவளி போனஸையும் அதில் எழுதிவிடுவார்கள். ஆனால் அதனாலேயே சிஎஸ்ஆர் என்றால் வாசலுக்கு வெளியே பணம் கொடுப்பது என்று ஆகிவிட்டது. 2 சதவீதம் எங்கே போனது என்று அறிக்கை கேட்கிறது. மீதி 98 எப்படி வந்தது என்று அந்த அறிக்கை கேட்பதில்லை.

அதை நீங்கள் உங்கள் மேஜையிலிருந்தே பார்க்கலாம். சிறு சப்ளையர்களின் பில்களை எத்தனை நாள் கழித்துத் தீர்க்கிறீர்கள்? காவல், துப்புரவு வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் காண்ட்ராக்டர் கையில் கொடுப்பது எவ்வளவு? கழிவு அகற்ற மிகக் குறைந்த விலை சொன்னவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்? பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதையும் உங்கள் பெயர் இல்லாமலே வெளியிடுகிறேன்.