பழைய லேப்டாப்புக்கு வைஃபை கார்டு மாத்தணுமா? மொதல்ல நெட் பெட்டியைத் திருப்பிப் பாருங்க

அம்பாசமுத்திரம் பக்கம் இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காவ. வீட்ல ஃபைபர் நெட், 100 எம்பிபிஎஸ் பிளான். போன்ல ஸ்பீடு டெஸ்ட் போட்டா 90க்கு மேல வருது, 2014ல வாங்குன ஹெச்பி 15 லேப்டாப்ல மட்டும் நெட் பெட்டி (ரௌட்டர்) பக்கத்துல உக்காந்தாலும் 35ஐத் தாண்ட மாட்டேங்குது, ரெண்டாம் கட்டுக்குப் போனா அடிக்கடி கட் ஆவுது, மகளுக்கு ஆன்லைன் கிளாஸ் பாதியில நின்னு போவுது. திருநெல்வேலி ஜங்ஷன்ல ஒரு கடையில காட்டினதுக்கு, உள்ள வைஃபை பிடிக்குற கார்டு போச்சு, போர்டும் வீக்கா இருக்கு, வைஃபை 6 கார்டு போட்டா பறக்கும், 4500 ஆவும், ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போங்கன்னு சொல்லியிருக்காங்க. மாத்தலாமா, எந்தக் கார்டு வாங்கணும்னு கேள்வி. கார்டோட போட்டோவும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பியிருக்காவ.

அண்ணாச்சி, உங்க கார்டு போகல. போட்டோல இருக்கது ரியல்டெக் ஆர்டிஎல் 8723பிஇ, அந்தக் காலத்துல விலை கம்மி லேப்டாப்ல எல்லாம் வந்த கார்டு. வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசையில ஓடும், இந்தக் கார்டுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 ஜிகாஹெர்ட்ஸ் சுத்தமா தெரியாது, ஒரே ஒரு ஆன்டெனா வச்சுதான் பேசும். ஸ்க்ரீன்ஷாட்ல லிங்க் ஸ்பீடு, அதாவது கார்டும் பெட்டியும் பேசிக்கிற வேகம், 72ன்னு காட்டுதுல்ல, சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல அந்தக் கார்டு எட்டக்கூடிய உச்சமே அதுதான், அதுல கையில கெடைக்கது எப்பவுமே பாதி பக்கம்தான் இருக்கும், அப்போ 35 வருதுன்னா கார்டு முழு மூச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். போர்டு வீக்குன்னு சொன்னது எதை வச்சுன்னு எனக்குப் புரியல. போர்டு கெட்டா வைஃபை மெதுவா ஓடாது, வேற பத்து கோளாறு வரும். ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி ஒரு வயரைப் பிடுங்குற சின்ன சோலிக்கு ரெண்டு நாள் எதுக்குன்னு அந்தக் கடையில கேளுங்க. தெரியாத கடையில லேப்டாப்பை விட்டுட்டு வரவே வராதீங்க, அப்படி விடத்தான் வேணும்னா உள்ள இருக்க ரேமையும் ஹார்ட் டிஸ்கையும் ஸ்டிக்கர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. 8 ஜிபி போயி 4 ஜிபியா திரும்பி வந்த கதை நம்ம ஊர்ல எத்தனையோ பேரு சொல்லுதாங்க.

இப்போ மகளோட கிளாஸ் விஷயம். வீடியோ கிளாஸுக்கு 4 எம்பிபிஎஸ் ஒழுங்கா வந்தாலே தாராளம், உங்களுக்கு 35 வருது. அதனால உங்க பிரச்சனை ஸ்பீடு இல்ல, ரெண்டாம் கட்டுல சிக்னல் விட்டு விட்டு வரது. இதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க: புது கார்டுக்கு வேகம் வரதே 5 ஜிகாஹெர்ட்ஸ்லதான், அந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவரைத் தாண்டுறதுல 2.4ஐ விட மோசம். நம்ம பக்கத்துப் பழைய வீடுங்க முன் வாசல்ல நின்னா பின் வாசல் தெரியுற மாதிரி நீளமா இருக்கும், சுவரு ஒண்ணொண்ணும் ஒன்றரை அடி கனம், பெட்டியை வாசல் பக்கம் மாட்டிட்டுப் போயிருப்பாங்க. அந்த வீட்ல நீங்க 4500 குடுத்து எந்தக் கார்டைப் போட்டாலும் முன்னறையில பறக்கும், ரெண்டாம் கட்டுல இப்ப மாதிரியேதான் கட் ஆவும், இல்ல அதை விட மோசமாவும் ஆவலாம். அதுக்கு மருந்து ஒரு கேட் 6 லேன் கேபிள். வாசல் பெட்டியில இருந்து சுவரோரமா இழுத்து ரெண்டாம் கட்டுல விடுங்க, லேப்டாப் பக்கவாட்டுல லேன் ஓட்டை இருக்கு பாருங்க, அதுல சொருகுனா 90க்கு மேல வரும், மழை பெஞ்சாலும் பக்கத்து வீட்டுக்காரங்க புதுசா ரௌட்டர் வாங்குனாலும் அசையாது. லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம்.

கேபிள் இழுக்க வழியில்ல, இல்லாட்டி முன்னறையில உக்காந்துதான் வேலைன்னா கார்டு மாத்துறதுல நியாயம் இருக்கு. அதுக்கு முன்னாடி பெட்டியைத் திருப்பி அடியில இருக்க ஸ்டிக்கரைப் பாருங்க. ரெண்டு வைஃபை பேரு போட்டிருந்தா, ஒண்ணு 5ஜின்னு முடிஞ்சா, அது டூயல் பேண்ட், அதாவது 2.4, 5 ரெண்டையும் குடுக்குற பெட்டி. ஒரே பேருன்னா போன்ல வைஃபை விவரத்தைத் திறந்து எந்த ஃப்ரீக்வென்சின்னு பாருங்க. உங்க போன்ல 90 வரதால 5 ஜிகாஹெர்ட்ஸ் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா நல்ல போன் ரெண்டு ஆன்டெனா வச்சு 2.4லயே அந்தப் பக்கம் போயிரும், அதனால கண்ணால பாத்துருங்க. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா, லோக்கல்ல ஃபைபர் கனெக்ஷன் குடுக்குற ஆளுங்க பல பேரு 100 எம்பிபிஎஸ்னு காசை வாங்கிக்கிட்டு விலை கம்மி சிங்கிள் பேண்ட் பெட்டியை மாட்டிட்டுப் போயிருதாங்க, அந்தப் பெட்டியில இருந்து 5 ஜிகாஹெர்ட்ஸ் வரவே வராது. ஜனங்க லேப்டாப் கடைக்கும் போன் கடைக்கும் அலையுதாங்க. கனெக்ஷன் குடுக்கும்போதே இந்தப் பெட்டி இவ்வளவுதான் தள்ளும்னு எழுதிக் குடுக்கணும்னு ஒரு விதி போட்டா என்ன கொறைஞ்சிரும்? நீங்களே கேட்டு வாங்கணும்: டூயல் பேண்ட் பெட்டி குடுங்க, இல்லாட்டி கனெக்ஷன் வேண்டாம்னு.

பெட்டி சரின்னா அடுத்தது கார்டு. கடையில சொன்ன வைஃபை 6 கார்டு, ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 எல்லாம் இன்டெல் போடுறது எம்.2ங்கற புது ஸ்லாட் அளவுலதான், 22 மில்லிமீட்டர் அகலம். உங்களோடது ஹாஃப் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், 30 மில்லிமீட்டர் அகலம், ஸ்லாட்டே வேற. நடுவுல ஒரு பலகை வச்சு ஒட்டி விக்குறதும் உண்டு, 100 எம்பிபிஎஸ் நெட்டுக்கு அதெல்லாம் தண்டச் செலவு. ஏஎக்ஸ் 201னு ஒண்ணைத் தள்ளி விடப் பாத்தா உடனே நடையைக் கட்டுங்க, அது பாதி வேலையை போர்டுல இருக்க இன்டெல் சிப்செட் கையில விடுற கார்டு, உங்க 2014 மெஷின்ல அதுக்கு ஆதரவே கிடையாது, ஒரு நம்பர் வித்தியாசத்துல காசு போயிரும். போட்டோல ஒரே ஒரு ஆன்டெனா வயர்தான் தெரியுது, அதனால ரெண்டு ஆன்டெனா கேக்குற, லிங்க் 867 வர கார்டும் உங்களுக்கு வீண். ஒத்தை ஆன்டெனா ஏசி (802.11ac, வைஃபை 5ன்னும் சொல்லுவாங்க) கார்டு போதும், இன்டெல் 3160 மாதிரி, அதோட லிங்க் 433. நூறு எம்பிபிஎஸ் பிளானை முழுசா இழுத்துரும்.

இனிமேதான் பெரிய வில்லங்கம், இதைப் பொறுமையா படிங்க. ஹெச்பியும் லெனோவோவும் பழைய மாடல் பலதுல பயாஸ்க்குள்ள (லேப்டாப் ஆன் ஆவும்போது விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற புரோகிராம்) ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, வைட்லிஸ்ட்னு பேரு. ஆன் பண்ணுன உடனே பயாஸ் கார்டோட அடையாள நம்பரைப் படிக்கும், அந்த நம்பர் பட்டியல்ல இல்லாட்டி விண்டோஸ் பக்கமே போவாது, ஹெச்பில கருப்பு ஸ்க்ரீன்ல 104, அன்சப்போர்ட்டட் வயர்லெஸ் நெட்வொர்க் டிவைஸ் டிடெக்டட், சிஸ்டம் ஹால்ட்டட்னு வந்து நின்னுரும். லெனோவோல 1802ன்னு வரும். கார்டு நல்ல கார்டுதான், லேப்டாப்பும் நல்லாத்தான் இருக்கு, ரெண்டும் சேர மாட்டேங்கும். இதுல கொடுமை என்னன்னா அதே இன்டெல் 3160 ஹெச்பி முத்திரையோட வந்தா ஏத்துக்கும், கடையில தனியா விக்குற 3160ஐ ஏத்துக்காமப் போவலாம், ஏன்னா சிப் நம்பர் ஒண்ணா இருந்தாலும் அதுக்குக் கீழ எந்தக் கம்பெனிக்காகச் செஞ்சதுன்னு இன்னொரு நம்பர் இருக்கு, பயாஸ் அதையும் பாக்கும். ரேடியோ அனுமதி ஆன்டெனாவுக்கும் கார்டுக்கும் சேத்து வாங்குனது, அதனாலதான் பூட்டுனு காரணம் சொல்லுதாங்க. ஆனா டெல் பழைய லேப்டாப் பெரும்பாலும் எந்தக் கார்டைப் போட்டாலும் வாங்கிக்குதே, அங்க மட்டும் அந்த அனுமதிப் பிரச்சனை வரலையா? நம்ம காசு குடுத்து வாங்குன மெஷின்ல நம்ம கார்டைப் போட அவங்க பட்டியல் எதுக்கு? நுகர்வோர் துறை 2022ல ரைட் டு ரிப்பேர்னு, அதாவது வாங்குன பொருளைப் பழுது பாத்துக்கிற உரிமைக்குன்னு, ஒரு போர்ட்டலே திறந்தாச்சு, இந்தப் பழைய பூட்டெல்லாம் பூட்டுனபடியேதான் கெடக்கு.

அதனால கார்டைத் தேடுறதுக்கு முன்னாடி ஹெச்பி சப்போர்ட் பக்கத்துல உங்க மாடல் நம்பரை முழுசா போட்டு மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடைத் தேடி இறக்குங்க, காசு கிடையாது. அதுல வயர்லெஸ் மாட்யூல்னு ஒரு பட்டியல் இருக்கும், ஒவ்வொரு கார்டுக்கும் நேரா ஸ்பேர் பார்ட் நம்பர் இருக்கும், ஆறு எண், ஒரு கோடு, அப்புறம் 001 மாதிரி மூணு எண். அந்தப் பட்டியல்ல ஏசின்னு போட்ட கார்டு இருந்தா அந்த ஸ்பேர் நம்பரைச் சொல்லித்தான் வாங்கணும், வாங்கும்போது கார்டு மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல அதே நம்பர் இருக்கான்னு பாத்துட்டுத்தான் காசைக் குடுக்கணும். ஏசி கார்டே பட்டியல்ல இல்லாட்டி கார்டு மாத்துற யோசனையை அங்கேயே விட்டுருங்க. பயாஸைத் திறந்து விடுதேன், வைட்லிஸ்ட்டை எடுத்து விடுதேன், ஆயிரம் ரூவா குடுங்கன்னு ஆன்லைன்லயும் கடையிலயும் ஆளு இருக்கு, கிட்ட சேக்காதீங்க, பயாஸ் எழுதும்போது கரண்ட் போச்சுன்னா லேப்டாப் ஆனே ஆவாது, அப்போ நெசமாவே போர்டு போச்சுன்னு சொல்லுவாங்க.

அப்படி விட்டுட்டா யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குங்க, பூட்டு அதைத் தடுக்காது. டூயல் பேண்ட், ஏசி 600 போதும். அந்த 600ங்கறது 2.4ல 150, 5ல 433, ரெண்டையும் கூட்டி ரவுண்டா போட்ட கணக்கு, உங்களுக்கு 600 வராது. டப்பா மேல 5 ஜிகாஹெர்ட்ஸ்னு எழுதாம வெறும் எம்பிபிஎஸ் நம்பரை மட்டும் பெருசா போட்டு விக்குற குட்டி அடாப்டரை வாங்கவே வாங்காதீங்க, உள்ள இருக்கது நீங்க இப்ப வச்சிருக்க அதே 2.4தான்.

பட்டியல்ல கார்டு இருந்து மாத்துறதா முடிவு பண்ணுனா, புது கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரை முன்னாடியே இறக்கி பென்டிரைவ்ல வச்சிக்கோங்க, ஷட்டவுன் பண்ணி சார்ஜரையும் பேட்டரியையும் கழட்டுங்க, அந்தக் கைடைப் பாத்து மூடியைத் திறங்க. ஆன்டெனா வயர் நுனி பிரஸ் பட்டன் மாதிரி உக்காந்திருக்கும், வயரைப் பிடிச்சு இழுக்காம நுனியை நகத்தால நேரா மேல தூக்குங்க, சும்மா சும்மா மாட்டிக் கழட்டிப் பாக்காதீங்க, அந்த நுனி தாங்குறதே ஒரு 30 தடவைதான். ஸ்க்ரூவை எடுத்தா கார்டு தானா சாஞ்சு எழும்பும். புதுசை அதே சாய்வுல சொருகி அமுக்கி ஸ்க்ரூ போட்டு, வயரை 1ன்னு குறிச்சிருக்க இடத்துல டிக்குன்னு உக்கார வைங்க. பழைய கார்டைக் கடைக்காரர்கிட்ட விட்டுராம கையோட வாங்கிட்டு வாங்க, 104 வந்தா அதைத் திருப்பிப் போட்டாப் போதும், லேப்டாப் பழையபடி ஆன் ஆயிரும்.