காசநோய் பற்றிச் சுவரில் என்ன எழுதலாம்?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பெங்களூரில் கட்டட வேலை செய்து திரும்பிய ஒருவருக்குக் காசநோய். இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் வீட்டிலேயே தனித் தட்டு, தனி டம்ளர். டீக்கடையில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. எங்கள் மகளிர் குழு சுவரெழுத்தும், திருவிழாவில் தெருக்கூத்தும் வைக்க நினைக்கிறது. என்ன சொல்வது?

பதில்: சகோதரி, முதலில் 'உயிர்க்கொல்லி' என்ற சொல்லையும், எலும்பும் தோலுமாக ஒருவர் இருமும் படத்தையும் விட்டுவிடுங்கள். பயந்தால் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நினைத்துத்தான் அப்படி எழுதுகிறோம். நடப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர், ஊர் என்ன சொல்லுமோ என்று சளிப் பரிசோதனைக்கே போக மாட்டார். சிகிச்சைக்கு வராத அவரிடமிருந்துதான் நோய் அதிகம் பரவும்.

அடுத்து, தட்டு விஷயம். 'நோயாளியை ஒதுக்காதீர்' என்று மட்டும் எழுதினால் தனித் தட்டு அப்படியேதான் இருக்கும். காரணத்தைச் சொல்ல வேண்டும். நுரையீரல் காசநோய்க் கிருமி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவுகிறது. தட்டாலோ டம்ளராலோ துணியாலோ அல்ல. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், மருந்துக்குக் கட்டுப்படும் வகைக் காசநோயாக இருந்தால், சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். முழுச் சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம். இடையில் நிறுத்தவே கூடாது. அதனால் சுவரில் இப்படி எழுதுங்கள்: 'தட்டைப் பிரிக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள்.' கீழே, பரிசோதனையும் மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்று ஒரு வரி. சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் சிகிச்சை பெறுபவரின் வங்கிக் கணக்கில் வரும் என்பதையும் சேருங்கள். 2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாய்தான்.

கொரோனா நேரத்தில் போனை எடுத்தாலே, நோயுடன்தான் போராட வேண்டும், நோயாளியுடன் அல்ல என்று கேட்டோம். அதே நாட்களில் நோயாளியின் வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்ததையும் பார்த்தோம். ஊர் மனதில் நின்றது அந்தச் சொல் அல்ல, வீட்டை அடையாளம் காட்டிய தகரம்தான். எனவே உதவிப் பொட்டலம் கொடுத்தால் போட்டோ எடுக்காதீர்கள், ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள். அவர் பெயரை எங்கேயும் சொல்லாதீர்கள்.

தெருக்கூத்து நல்ல யோசனை. பாரதக்கூத்து பார்த்து வளர்ந்த ஊர்களில் கூத்தில் வேடிக்கையாகப் பேசிக் கதையை நடத்தும் கட்டியக்காரன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஊரார் கேட்கத் தயங்குவதை அவன் வாயால் கேட்க வையுங்கள்: "அவன் குடிச்ச டம்ளர்ல நான் குடிச்சா எனக்கும் வருமா?" ஆனால் இருமிக் காட்டிச் சிரிக்க வைக்கும் காட்சி கண்டிப்பாக வேண்டாம், மறுநாளே பிள்ளைகள் அதை அவர் வீட்டு முன்னால் நடிப்பார்கள். குணமான ஒருவர் மேடையேறிப் பேச முன்வந்தால் அதைவிடப் பலன் தருவது எதுவுமில்லை. அவர் முழு மனதோடு சம்மதிக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

திருவிழா வரை காத்திருக்க வேண்டாம். அவரிடமும் அவர் வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டு, இந்த வாரமே குழுவிலிருந்து நாலு பேர் அங்கே போங்கள். திண்ணையில் அவரோடு உட்கார்ந்து, அந்த வீட்டு டம்ளரில் டீ குடித்துவிட்டு வாருங்கள்.