கோடை, நகரம், நண்பர்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற வார இறுதி முழுவதையும் நண்பர்களுடனேயே கழித்தேன். சனிக்கிழமை மதியம் ஒரு குழுவுடன் திரைப்படம், மாலையில் இன்னொரு குழுவுடன் விருந்து, ஞாயிறு காலையில் பழைய அலுவலக நண்பர்கள், அன்று மாலை ஒரு பிறந்தநாள் விழா என்று நான்கு சந்திப்புகள். இடையில் சனிக்கிழமை இரவு, அறையின் வெக்கை தாளாமல், நண்பர் ஒருவரும் நானும் அவருடைய குடியிருப்பின் வெளிப்படிக்கட்டில் வந்து அமர்ந்தோம். மேல்மாடிக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு இரவு வீடு திரும்பியபோது உடல் அயர்ந்திருந்தது. அதிகம் பேசிவிட்டேனோ, அவர்களுக்குச் சலித்திருக்குமோ என்ற உறுத்தல் வேறு. படிக்க எடுத்துவைத்த நூல்கள் அப்படியே கிடக்கின்றன. இப்படிக் கூடிக் களிப்பதெல்லாம் தனிமைக்கு அஞ்சி ஓடுவதுதானா?

கா.

அன்புள்ள கா.,

நான்கு சந்திப்புகளையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்ட நீங்கள், திட்டமிடாமல் வாய்த்த படிக்கட்டுப் பேச்சுக்கு நான்கு வாக்கியங்கள் கொடுத்திருக்கிறீர்கள். தனிமைக்கு அஞ்சி ஓடுகிறவருக்கு எந்தக் கூட்டமும் ஒன்றுதான். யாரோடும் இருந்தால் போதும். உங்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. எனவே நீங்கள் எதிலிருந்தும் ஓடவில்லை என்றே நம்புகிறேன்.

என்ன பேசினோம் என்று சொல்லத் தெரியாததை ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1910-இல் பிராங்க்ஃபர்ட்டில் ஆற்றிய உரையில், மனிதர்கள் எந்தப் பயனையும் கருதாமல் கூடி மகிழ்வதைச் சமூக வாழ்வின் விளையாட்டு வடிவம் என்று விளக்கினார். பதவியும் செல்வமும் சொந்தத் துயரமும் சற்றே விலகி நிற்க, வந்தவர்கள் எல்லோரும் சமமானவர்கள் போலப் பழகிக்கொள்ளும் அந்தப் பொழுதில், பேச்சுக்குப் பேச்சே போதுமான காரணமாகிவிடுகிறது. வாரம் முழுவதும் ஏதேனும் ஒரு காரியத்துக்காகவே வாய்திறக்கும் நகரத்து மனிதருக்கு இதைவிடப் பெரிய ஓய்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோடை இதற்கு எதிர்பாராத துணையாக வருகிறது. கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலெல்லாம் உள்வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடுவதால், சுற்றுப்புறக் கிராமங்கள் குளிர்ந்த பின்னும் நகரம் தகித்துக்கொண்டே இருக்கும். அறைக்குள் இருக்க முடியாதவர்கள் வாசலுக்கும் மாடிக்கும் பூங்காவுக்கும் வருகிறார்கள். வெளியே வந்துவிட்டால் அங்கே விருந்தளிப்பவரும் இல்லை, விருந்தினரும் இல்லை. விரும்பும்போது வந்து அமரலாம், போதும் என்று தோன்றினால் எழுந்து போகலாம். 1970-களில் நியூயார்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட், நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மனிதர்கள் அதைச் சில அங்குலங்களாவது இழுத்துப் போட்ட பிறகே அமர்வதைக் கண்டார். நிழலுக்காகவும் இல்லை, வசதிக்காகவும் இல்லை. பல நேரங்களில் நாற்காலி ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருக்கும். தன் இடத்தைத் தானே தேர்ந்துகொண்டோம் என்பதே அவர்களுக்கு நிறைவு. நேரம் குறித்து, மேசை பதிவுசெய்து, அடுத்த சந்திப்புக்குப் புறப்பட வேண்டிய கவலையுடன் அமர்ந்திருக்கும் இடத்தில் அந்தச் சில அங்குலங்கள் கிடைப்பதில்லை. உங்களை அயர்த்தியது மனிதர்கள் அல்லர், அட்டவணை.

உங்கள் உறுத்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எரிகா பூத்பியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்களிடம் உரையாடலுக்குப் பின் தனித்தனியே கேட்டபோது, எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதைப் பெரும்பாலோர் உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நீங்கள் இப்படி எண்ணிக்கொண்டிருந்த அதே ஞாயிறு இரவில், அந்த மேல்மாடிக்காரரும் தான் அதிகம் பேசிவிட்டதாக வருந்தியிருக்கக்கூடும்!

படிக்காத நூல்களுக்காக வருந்துவது நல்லதுதான். ஒரு முழு நாளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவரிடம் நண்பர்களுக்குக் கொடுக்கவும் அதிகம் மிஞ்சாது. ஆனால் நட்பும் வாசிப்பைப் போலவே நீண்ட நேரத்தைக் கேட்கிறது. வெறும் அறிமுகம் ஓரளவு நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் தம் ஆய்வில் கணக்கிட்டார். எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு குழுக்களுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று பங்கிடுவதைவிட, ஒரே சிலருடன் மீண்டும் மீண்டும், முடிவுநேரம் குறிக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. அடுத்த வார இறுதியில் இரண்டு அழைப்புகளையாவது மறுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஓய்வுநேர இன்பம் என்று மட்டும் பார்த்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். 1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தனித்து வாழ்ந்த முதியவர்கள். அதை ஆராய்ந்த எரிக் கிளினென்பெர்க், அருகருகே இருந்த இரண்டு ஏழைக் குடியிருப்புப் பகுதிகளை ஒப்பிட்டார். தனித்து வாழும் முதியவர்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தும், ஒன்றின் இறப்பு விகிதம் மற்றதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. பிழைத்த பகுதியில் கடைகளும் நடமாட்டமும் நிறைந்த தெருக்கள் இருந்தன. முதியவர்கள் வெளியே வந்தார்கள், அவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் இருந்தார்கள். மற்றதில் கைவிடப்பட்ட கட்டடங்களும் வெறிச்சோடிய தெருக்களுமாக இருந்ததால், அச்சத்தில் கதவை அடைத்துக்கொண்டவர்கள் உள்ளேயே இறந்தார்கள். யாரும் படுத்துவிடக் கூடாதென்று அமரும் பலகைகளைப் பெயர்த்தெடுக்கும் நகர நிர்வாகங்களும், கோடையிலும் இரவானவுடன் பூங்காக்களைப் பூட்டிவிடும் நகர நிர்வாகங்களும் இதைப் படித்தாக வேண்டும். இருக்கை, நிழல், குடிநீர், இரவில் போதிய வெளிச்சம் ஆகிய நான்கையும் நம் தெருவுக்குக் கேட்டு வாங்குவது நம்மைப் போன்றவர்களின் வேலை.

அன்புடன்.